அழைப்புக் கடிதம் வந்துவிட்டது, வேலையை விட்டுவிடலாமா?

வாசகியின் கடிதம் நீளமானது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய துறை மின்னிலக்கியம். அதாவது, அச்சில் கொண்டுவர முடியாத, வாசகர் சொடுக்கினாலோ தட்டச்சு செய்தாலோதான் நகர்கிற கதைகளும் கவிதைகளும். பிஎச்.டி. முடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் குழந்தைப்பேற்றுக்காக ஒன்றரை ஆண்டு ஆய்வை விட்டு விலகியிருந்தார். இப்போது ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளர். வெளிநாட்டு ஆய்வு மையம் ஒன்று, பிஎச்.டி. முடித்து ஐந்து ஆண்டுகளுக்குள் இருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஆறு மாத வருகை ஃபெல்லோஷிப் அறிவித்திருக்கிறது. பழைய கணினிகளையும் வட்டுகளையும் பாதுகாத்து வைத்திருக்கும் மையம் அது. அங்குள்ள பேராசிரியர் ஒருவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். ‘உங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி. ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள், அது அமையாவிட்டாலும் வருகை ஆய்வாளராக வரலாம்’ என்று பதில் வந்திருக்கிறது.

வீட்டில் எல்லாரும் வாழ்த்திவிட்டார்கள். கல்லூரியில் விடுப்பு தரமாட்டார்கள் என்று நினைத்து ராஜினாமா கடிதமும் எழுதி வைத்துவிட்டார். ஆனாலும் உள்ளூர ஏகப்பட்ட பயங்கள். நிரல் எழுதத் தெரியாது. ஆய்வேட்டில் பேசிய சில பழைய படைப்புகளை இயங்கும் நிலையில் பார்த்ததே இல்லை, பிறர் கட்டுரைகளையும் காணொளிப் பதிவுகளையும் வைத்தே எழுதினார். இதை விண்ணப்பத்தில் மறைத்துவிட வேண்டும்தானே என்று கேட்கிறார். செயற்கை நுண்ணறிவைச் சேர்க்காமல் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்கிறார்கள் நண்பர்கள். பல ஆண்டுகளாகச் சேர்த்த படைப்புகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார். அதில் பாதி இணைய முகவரிகள் இன்று திறப்பதில்லை. வருகிறவர்களின் தரவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று அறிவிப்பில் ஒரு நிபந்தனை இருக்கிறது. “கொடுத்தால் என் உழைப்பு கைவிட்டுப் போய்விடுமா? வேலையை விட்டுவிடலாமா?”

அன்புள்ள வாசகிக்கு,

ராஜினாமா கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். நீங்கள் இணைத்திருந்த மின்னஞ்சலைப் படித்தேன். பேராசிரியர் அன்பாக எழுதியிருக்கிறார், உங்கள் ஆய்வு அவருக்குப் பிடித்திருக்கிறது, அதெல்லாம் சரி. பணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இப்படிப்பட்ட அழைப்பு கல்யாணப் பத்திரிகை மாதிரி. மனதார அழைத்திருப்பார்கள், ஆனால் உள்ளே பயணச்சீட்டு இருக்காது.

‘வெளிநாட்டில் ஆய்வு செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் வேறு வேறு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. வருகை ஆய்வாளர் என்றால் மேசை, நூலக அட்டை, மின்னஞ்சல் கணக்கு, கருத்தரங்கில் உட்கார இடம். செலவு உங்களுடையது; சில பல்கலைக்கழகங்கள் மேசைக்கே உங்களிடம் கட்டணம் வாங்கும். ஃபெல்லோஷிப் என்றால் தேர்வுக் குழு, போட்டி, உதவித்தொகை. முதுமுனைவர் பணி (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி, போஸ்ட்டாக்) என்றால் ஒப்பந்தம், சம்பளம், விடுப்பு, காப்பீடு. உங்களுக்கு வந்திருப்பது முதலாவதற்கான அழைப்பும் இரண்டாவதற்கு விண்ணப்பிக்கச் சொல்லும் ஊக்கமும். பேராசிரியர் தேர்வுக் குழுவில் இருக்கிறாரா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. இருந்தாலும், அவர் ஒருவரை மட்டும் வைத்து முடிவாகிற விஷயம் இல்லை.

‘ஆறு மாதம் அங்கே இருந்தால் அப்படியே வேலையும் அமைந்துவிடும்’ என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையில் மட்டும் கிளம்பாதீர்கள். இந்தத் துறையில் நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலான மையங்கள் குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படும் திட்ட நிதியில் நடப்பவை. நார்வேயில் பெர்கன் பல்கலைக்கழகத்தில் 2023-இல் தொடங்கிய டிஜிட்டல் கதையாடல் மையம் இன்று இந்தத் துறையின் பெரிய மையங்களில் ஒன்று. அதற்கும் அந்நாட்டு ஆய்வு மன்றத்தின் சிறப்பு மைய நிதி அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குத்தான். வேலை வந்தால் பொது அறிவிப்பாக வரும், நீங்களும் மற்றவர்களோடு வரிசையில் நிற்பீர்கள். வருகையால் நிச்சயமாகக் கிடைக்கக்கூடியவை இரண்டு: உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம், அந்த இடத்துக்குப் போகாமல் எழுதியிருக்க முடியாத ஒரு கட்டுரை. இந்த இரண்டும் போதும் என்றால் போகலாம்.

கல்லூரியில் விடுப்பு கேட்டுப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. தரமாட்டார்கள் என்று நீங்களாகவே முடிவு செய்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தை எடுத்து ஊதியமில்லா விடுப்பு பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், தேர்வுக் கடிதம் கையில் வந்தபிறகு எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் எப்படியும் கல்வியாண்டோடு முடிகிறது என்றால், ஃபெல்லோஷிப்பின் தொடக்கத் தேதியை அதற்கு ஏற்பத் தள்ளிவைக்க முடியுமா என்று மையத்தைக் கேட்கலாம். பல இடங்களில் தேதியை நகர்த்துவது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம்.

ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டதே?

தகுதிக் காலத்தைப் பெரும்பாலும் வயதை வைத்துக் கணக்கிடுவதில்லை, பட்டம் பெற்ற தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். மகப்பேறு, நீண்ட நோய் போன்ற இடைவெளிகளைக் கழித்துவிட்டு எண்ணும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றம் தன் நல்கைகளில் தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் சேர்த்துத் தருகிறது. உங்கள் மையத்திலும் அப்படி ஒரு விதி இருந்தால் நீங்கள் நாலரை ஆண்டில் நிற்கிறீர்கள், தகுதி உண்டு. அறிவிப்பில் அதைப் பற்றி எதுவும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் ஒதுங்கிவிடாதீர்கள், கேளுங்கள். கேட்கும்போது மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். ‘பட்டம் பெற்ற தேதி இது, மகப்பேற்று இடைவெளி இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை, சான்று தர முடியும், நான் தகுதி பெறுகிறேனா’ என்று கேட்டால் போதும்.

மறைக்க நினைத்த வரிதான் உங்கள் முன்மொழிவு

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நீங்கள் கூச்சத்தோடு சொன்ன அந்த விஷயம்தான். இந்தத் துறையில் பலர் அதே நிலையில்தான் இருக்கிறார்கள், சொல்லிக்கொள்வதில்லை. படைப்புகள் அவ்வளவு வேகமாகச் சாகின்றன. அசையும் இணையப் படைப்புகளுக்குப் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளில் செய்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் அந்த மென்பொருளே கோப்புகளை இயக்க மறுத்தது. நேற்றுவரை அசைந்துகொண்டிருந்த கவிதையின் இடத்தில் இன்று வெறும் சாம்பல் நிறக் கட்டம். ரஃபிள் போன்ற எமுலேட்டர்கள், அதாவது பழைய மென்பொருளைப் போலவே நடந்துகொண்டு கோப்புகளை இயக்கும் மென்பொருள்கள், பலவற்றை மீட்டுவிட்டன, ஆனால் எல்லாவற்றையும் அல்ல. மீண்டது பழையபடிதான் இயங்குகிறதா என்பதும் தனிக் கேள்வி. ஒரு வரி திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைச் சில பழைய படைப்புகள் அன்றைய கணினியின் வேகத்திடம் விட்டிருந்தன. இன்றைய கணினியில் அந்த வரி படிக்குமுன் ஓடிவிடும். அப்போது நீங்கள் எந்தக் கவிதையைப் படித்தீர்கள்?

ஸ்டோரிஸ்பேஸ் மென்பொருளில் எழுதப்பட்ட ஹைப்பர்டெக்ஸ்ட் கதைகளும், அதாவது இணைப்புகளைச் சொடுக்கிக் கிளை கிளையாகப் படிக்கும் கதைகளும், அப்படியே. 1987-இல் எழுத்தாளர் மைக்கேல் ஜாய்ஸ் பொதுப்பார்வைக்கு வைத்து, 1990-இல் ஈஸ்ட்கேட் பதிப்பகம் வெளியிட்ட ‘ஆஃப்டர்நூன்’ கதையில் சில இணைப்புகள் எல்லாருக்கும் திறக்காது. வாசகர் குறிப்பிட்ட ஒரு பகுதியைக் கடந்து வந்திருந்தால்தான் அடுத்தது திறக்கும்படி உள்ளே பூட்டு வைத்திருக்கிறார்கள். கட்டுரையில் மேற்கோளாக வரும் பத்தியைப் படித்து இதை உணரவே முடியாது. நீங்கள் சொடுக்கி, வழி மறுக்கப்பட்டு, திரும்பி வந்து, வேறு பக்கமாகப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு அந்தக் கணினி வேண்டும், அந்த வட்டு வேண்டும், அதைச் செருகத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றும் ஓரிடத்தில் இருக்கிறதே, அதற்காகத்தான் வருகை ஃபெல்லோஷிப் என்ற ஏற்பாடே இருக்கிறது.

ஆகவே மறைக்காதீர்கள். ‘என் ஆய்வேட்டில் இந்தப் படைப்புகளைப் பதிவுகளின் வழியாக மட்டுமே அணுகினேன். அவற்றை மூல இயந்திரத்திலும் எமுலேட்டரிலும் ஓட்டிப் பார்த்து, என் முந்தைய முடிவுகளில் எவை நிற்கின்றன, எவை விழுகின்றன என்று சரிபார்க்க விரும்புகிறேன்.’ இதை முதல் பத்தியிலேயே வையுங்கள். தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ‘இது இங்கே வராமல் நடக்காது’ என்று ஒரு முன்மொழிவு காட்டிவிட்டால் அதை ஒதுக்குவது கடினம். பெரும்பாலான விண்ணப்பங்கள் அதைக் காட்டுவதில்லை, எங்கிருந்தும் எழுதக்கூடிய புத்தகத்தை எழுத ஓர் அறை கேட்கின்றன.

அளவைக் குறையுங்கள். நீங்கள் அனுப்பிய வரைவில் மின்னிலக்கியத்தின் முழு வரலாறும் இருக்கிறது. ஆறு மாதத்தில் முதல் மாதம் வீடு பார்க்கவும் வங்கிக் கணக்குக்கும் அடையாள அட்டைக்கும் போய்விடும், கடைசி மாதம் மூட்டை கட்டுவதில் போய்விடும். நடுவில் இருப்பதுதான் ஆய்வுக் காலம். உங்கள் பட்டியலிலிருந்து இரண்டு படைப்புகளைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று வட்டில் வந்தது, ஒன்று ஃபிளாஷில் வந்தது. இவற்றை வைத்து ஒரு கட்டுரை, கூடவே ஒரு பதிவு. மின்னிலக்கிய ஆய்வாளர்கள் டீன் கிரிகரும் ஸ்டூவர்ட் மூல்த்ரப்பும் 2013-இல் தொடங்கிய ‘பாத்ஃபைண்டர்ஸ்’ திட்டத்தில் எழுத்தாளர்களையே பழைய கணினிகளின் முன் உட்காரவைத்து, அவர்கள் தங்கள் படைப்பின் வழியே சொடுக்கிச் செல்வதையும் வாய்விட்டுப் படிப்பதையும் படம்பிடித்தார்கள். இப்படி ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. அதை உங்கள் படைப்புகளுக்குப் பொருத்துகிறேன் என்றாலே திட்டம் தெளிவாகிவிடும்.

நிரல் எழுதத் தெரியாதது தடையே இல்லை. இலக்கிய ஆய்வாளர், கலைஞர், நூலகர், நிரலாளர் எல்லாரும் கலந்த துறை இது. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ‘நான் படித்த படைப்பு எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளத்தில் ஓடியது, நான் சொடுக்கியபோது என்ன நடந்தது’ என்று துல்லியமாகக் குறித்துவைக்கும் பழக்கம். ட்வைன் என்ற கதை செய்யும் மென்பொருளில் சின்னதாக ஒரு கிளைக்கதை செய்து பார்த்துவிடுங்கள். அதற்கு நிரலறிவு அவ்வளவாகத் தேவையில்லை, சில மாலைகள் போதும். இணைப்பு என்பது எழுதுகிறவருக்கு என்ன சிக்கல் தருகிறது என்று கை சொல்லும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னது பாதி உண்மை. அதற்கு இப்போது நிதி இருக்கிறது. ஆனால் தலைப்பில் மட்டும் ஒட்டவைத்த சொல்லைக் குழுவில் இருப்பவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். கணினி வாக்கியம் எழுதுவது புதிதும் அல்ல: கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி 1952-இலேயே மான்செஸ்டரில் காதல் கடிதம் எழுதும் நிரலை ஓடவிட்டார், 1959-இல் தியோ லுட்ஸ் ஜெர்மனியில் ஸூஸ் கணினியைக் கொண்டு வாக்கியங்கள் செய்தார். உங்கள் ஆய்வு அந்த வழிக்கு இயல்பாகப் போனால் போகட்டும். உங்கள் இரண்டு படைப்புகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பட்டியல் யாருடையது?

இதில் நீங்கள் ஒன்றாகச் சேர்த்துக் குழப்பிக்கொண்டவற்றைப் பிரிக்க வேண்டும். படைப்பின் பெயர், ஆண்டு, மென்பொருள் போன்ற தகவல்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, நீங்களும்தான். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எழுதிய குறிப்புகள் உங்கள் எழுத்து, பதிப்புரிமை பொதுவாக உங்களுடையது. கல்லூரி ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எதுவும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படைப்புகளின் கோப்புகளையும் திரைப்பிடிப்புகளையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அவை எழுத்தாளர்களுடையவை. அவற்றைப் பொதுவில் வைக்க நீங்கள் அனுமதி தரவே முடியாது. நிபந்தனையில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று எல்லாவற்றையும் பதிவேற்றிவிடாதீர்கள், வம்பு உங்கள் தலையில் விடியும்.

குறிப்புகளை எந்த உரிமத்தில் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறர் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை வெளியிட்டால், பிறகு மனம் மாறி நீங்கள் நிறுத்திக்கொண்டாலும் ஏற்கெனவே எடுத்தவர்களின் உரிமையைத் திரும்பப் பெற முடியாது. கட்டுரை வெளிவரும்வரை தரவை வெளியிடாமல் வைத்திருக்கும் கால அவகாசம் கேட்கலாம், பலரும் தருவார்கள். தொகுத்தவர் என்று உங்கள் பெயர் பதிவிலேயே இருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு என் கருத்து: கொடுங்கள். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் பட்டியல் உங்களுக்கே பாதுகாப்பில்லை. பாதி முகவரிகள் திறப்பதில்லை என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அந்தப் படைப்புகள் இருந்தன என்பதற்கு இனி உங்கள் குறிப்புதான் சாட்சி. அதை முதலில் வெளியிட்டவர் என்ற பெயர், பூட்டிவைப்பதால் கிடைக்கும் எதையும்விட உங்களுக்குப் பயன்படும்.

விசாவும் நாள்கணக்கும்

‘சுற்றுலா விசாவில் போய்விடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க அந்தந்த நாட்டின் நீண்டகால விசாவோ வசிப்பிட அனுமதியோ வேண்டும். அமெரிக்கா என்றால், பரிமாற்றத் திட்டங்களில் வருகிறவர்களுக்கான ஜே-1 விசாவில் எந்தப் பிரிவில் உங்களைச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். குறுகிய கால அறிஞர் பிரிவு அதிகபட்சம் ஆறு மாதம், நீட்டிக்க முடியாது. ஆய்வு அறிஞர் பிரிவில் போய் அந்தத் திட்டம் முடிந்துவிட்டால், அதன்பிறகு 24 மாதங்களுக்கு அதே பிரிவில் திரும்பிப் போக முடியாது. ஆறு மாதத்துக்காக இந்த வாய்ப்பைச் செலவழித்துவிட்டு, அடுத்த ஆண்டு நல்ல முதுமுனைவர் பணி வரும்போது கையைப் பிசைபவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முதுமுனைவர் ஃபெல்லோஷிப்பிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது: விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருந்தால், அதே நாட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆறு மாதம் பிரச்சினையில்லை. ‘இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன்’ என்று அன்பாக நீட்டித்தால் அப்போது எண்ணிப் பாருங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை, சிரிக்காதீர்கள். இந்தத் துறையில் பழைய மேக் கணினிகளுக்குப் பெயர்பெற்ற மின்னிலக்கிய ஆய்வகம் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வான்கூவர் வளாகத்தில் இருக்கிறது. அந்த வான்கூவர் அமெரிக்காவில் இருக்கிறது, கனடாவில் இல்லை. இதைக் கவனிக்காமல் கனடா விசா விதிகளைப் படித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேராசிரியருக்கு இந்த வாரம் எழுத வேண்டியது

நன்றி சொல்லிவிட்டு நேரடியாகக் கேளுங்கள். உதவித்தொகை மாத முடிவில் வருமா, முன்பணம் உண்டா? (முதல் தவணை வர ஆறேழு வாரம் ஆகும் இடங்கள் இருக்கின்றன, அதுவரை வாடகையை நீங்கள்தான் கட்ட வேண்டும்.) பயணச் செலவு தனியா, தொகைக்குள் அடக்கமா? வரி பிடிப்பார்களா? மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு? குழந்தையோடு வருகிறவர்களுக்குக் கூடுதல் உதவி உண்டா? மூன்று மாதம், மூன்று மாதம் என்று பிரித்து வர முடியுமா? நான் பார்க்க வேண்டிய இந்த இரண்டு படைப்புகளும் உங்களிடம் இயங்கும் நிலையில் இருக்கின்றனவா? கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘வட்டு இருக்கிறது, இயந்திரம் பழுது’ என்று பதில் வந்தால் முன்மொழிவையே மாற்ற வேண்டியிருக்கும், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இப்படிக் கேட்பதைப் பேராசை என்று யாரும் நினைக்கமாட்டார்கள். வந்து இறங்கிய பிறகு கேட்பவர்களைவிட முன்பே கேட்பவர்களைத்தான் அலுவலகத்துக்குப் பிடிக்கும்.

ஃபெல்லோஷிப் கிடைக்காவிட்டால்? சேமிப்பைக் கரைத்து ஆறு மாதம் சொந்தச் செலவில் போவதை நான் ஆதரிக்கமாட்டேன், குழந்தையும் ஒப்பந்த வேலையும் இருக்கும்போது நிச்சயமாக இல்லை. கோடை விடுமுறையில் மூன்று நான்கு வாரம் போய் இரண்டு படைப்புகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வரலாம். பேராசிரியர் சொன்ன வருகை ஆய்வாளர் வழி அதற்குப் பொருந்தும். அதற்கும் முன்னால் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மின்னிலக்கிய அமைப்பு (எலெக்ட்ரானிக் லிட்டரேச்சர் ஆர்கனைசேஷன்) வெளியிட்ட தொகுப்புகள் நான்கும், அதாவது 2006, 2011, 2016, 2022 ஆண்டுத் தொகுதிகள், இணையத்தில் இலவசம். அதே அமைப்பின் ‘தி நெக்ஸ்ட்’ காப்பகத்தில் மீட்கப்பட்ட ஃபிளாஷ் படைப்புகள் பல உண்டு. உங்கள் பட்டியலில் செத்துப்போன முகவரிகளை அங்கே ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். சில உயிரோடு இருக்கலாம். அப்படியானால் முன்மொழிவில் அவற்றுக்காக இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கு உங்கள் நெறியாளரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். வெறுமனே ‘ஒரு கடிதம் தாருங்கள்’ என்று கேட்காமல், திருத்திய முன்மொழிவின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் கடைசித் தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். ஆய்வேட்டின் குறையைச் சரிசெய்யத்தான் போகிறீர்கள் என்பது அவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், உங்கள் முன்மொழிவும் அவருடைய கடிதமும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கும்.